ஃபீஸ் கட்டுவது நாங்கள், மார்க்கைக் காட்ட மாட்டார்களா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். மகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள், இன்னும் 18 வயதுகூட ஆகவில்லை. ஃபீஸ் முழுக்க நாங்கள்தான் கட்டுகிறோம். செமஸ்டர் மார்க்கைக் கேட்டால் 'ஃபெர்பா சட்டப்படி சொல்லக்கூடாது' என்கிறார்கள். எட்டாவது படிக்கும் மகன் விஷயத்திலும் இதே கதைதானா?

பதில்: அவர்கள் சொன்னதில் பாதிதான் சரி. ஃபெர்பா (FERPA) என்பது மாணவர்களின் மார்க் போன்ற பதிவேடுகளை யார் பார்க்கலாம் என்று சொல்லும், 1974-ல் வந்த அமெரிக்க மத்திய அரசின் சட்டம். அதன்படி, பள்ளிப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை முதலில் பெற்றோரிடம் இருக்கும். பிள்ளைக்கு 18 வயது ஆனாலோ, எந்த வயதிலானாலும் கல்லூரியில் சேர்ந்துவிட்டாலோ அந்த உரிமை பிள்ளைக்குப் போய்விடும். அதனால் 17 வயதுதான் என்ற வாதம் எடுபடாது. ஃபீஸ் யார் கட்டுகிறார்கள் என்பதையும் சட்டம் கண்டுகொள்வதில்லை.

ஆனால் 'சொல்லவே கூடாது' என்பது தப்பு. வருமான வரிக் கணக்கில் மகளை உங்களைச் சார்ந்தவள் என்று காட்டியிருந்தால், அவள் சம்மதம் இல்லாமலேயே கல்லூரி உங்களுக்கு மார்க்கைக் காட்டலாம். காட்டலாம், அவ்வளவுதான், காட்டியே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. பல கல்லூரிகள் வம்பு எதற்கு என்று மறுத்துவிடும், அப்போது 'சட்டம் தடுக்கிறது' என்று சொல்வது அவர்களுக்கு வசதி. ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் 'இந்த விதிவிலக்கை நீங்கள் பின்பற்றுகிறீர்களா?' என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் உங்கள் வருமான வரிக் கணக்கான 1040 படிவத்தின் நகல் கேட்பார்கள். வருமானத் தொகையையும் சோஷியல் செக்யூரிட்டி எண்களையும் மறைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

இதைவிடச் சுலபமான வழி மகளின் கையெழுத்து. எந்தப் பதிவேடு, எதற்காக, யாருக்கு என்று எழுதி, தேதியோடு அவள் கையெழுத்துப் போட்டால் போதும். பெரும்பாலான கல்லூரிகளில் ஆன்லைனிலேயே செய்யலாம். ஃபீஸ் கட்ட உங்களுக்குத் தந்த லாகினில் மார்க்கும் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்குத் தனி அனுமதி இருக்கும். அப்போதும் கொடுத்த சம்மதத்தைப் பிள்ளை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அதனால் அவளிடம் பேசிவிட்டுக் கேட்பதுதான் நல்லது, மிரட்டி வாங்கிய கையெழுத்து ரொம்ப நாள் நிற்காது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றாலும் கல்லூரி உங்களிடம் பேச இந்தச் சம்மதம் தேவையில்லை.

மகன் விஷயம் வேறு. அங்கே உரிமை உங்களுடையது. எழுத்தில் கேளுங்கள், 45 நாளுக்குள் பள்ளி காட்டியாக வேண்டும். ஆசிரியர் தன் ஞாபகத்துக்காக எழுதி, வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் குறிப்புகள் இதில் வராது. பதிவேட்டில் தவறான தகவல் இருந்தால் திருத்தக் கேட்கலாம், மறுத்தால் விசாரணை கேட்கலாம். ஆனால் 'பி' கொடுத்ததை 'ஏ' ஆக்கு என்பதற்கு இந்த வழி கிடையாது.

அப்புறம், வருடா வருடம் பள்ளி அனுப்பும் அறிவிப்பைக் குப்பையில் போடாதீர்கள். பையனின் பெயர், முகவரி, போன் எண், படம் எல்லாவற்றையும் 'டைரக்டரி தகவல்' என்று வெளியாருக்குத் தர வேண்டாம் என்றால், அதில் சொன்ன கெடுவுக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

ஃபெர்பாவை மீறினார்கள் என்று பெற்றோரோ மாணவரோ தாமே வழக்குப் போட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. மத்திய கல்வித் துறையில் புகார் கொடுக்கலாம், விஷயம் நடந்த அல்லது தெரியவந்த நாளிலிருந்து 180 நாளுக்குள்.