பிள்ளைக்குக் கேம் கொம்பியூட்டர்: வன்னிப் பெற்றோர் கேட்டதும் என்ர பதிலும்

எங்கட சனசமூக நிலையத்தில பெட்டி ஒண்டு வைச்சு, பிள்ளையளுக்குக் கேம் கொம்பியூட்டர் எடுக்கிறது பற்றிக் கேள்வி எழுதிப் போடச் சொன்னம். ஒரே மாதிரியான கேள்வியளைச் சேர்த்து இதில பதில் எழுதிறன். கிளிநொச்சியில கொம்பியூட்டர் திருத்திறதுதான் என்ர தொழில், விக்கிறதில்லை. அதால எந்தக் கடையின்ர பக்கமும் நிண்டு கதைக்க வேண்டிய தேவை எனக்கில்லை.

வட்டக்கச்சியிலயிருந்து ஒரு அம்மா: மகன் ஓஎல் எழுதி முடிச்சிட்டான். கேம் கொம்பியூட்டர் வேணுமாம். ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு விலை சொல்லுது. எதில தொடங்கிறது?

அம்மா, விலையில தொடங்காதேங்கோ. மகனைக் கூப்பிட்டு, அவன் உண்மையா விளையாடப் போற மூண்டு கேமின்ர பேரை எழுதித் தரச் சொல்லுங்கோ. அந்தத் துண்டுதான் உங்களுக்கு விலைப்பட்டியல்.

வலரன்ட், மைன்கிராப்ட், ஜிடிஏ 5 எண்டு எழுதியிருந்தால், திரையில படம் காட்டுற வேலையைச் செய்யிற தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாமலே தொடங்கலாம். ரைசன் 5 5600ஜி எண்ட பிரொசெசருக்குள்ளயே, அதாவது மெசினின்ர மூளைக்குள்ளயே, கிராபிக்ஸ் இருக்கு. ஆறு கோர், எண்டால் ஒரே நேரத்தில வேலை செய்யிற ஆறு பகுதி. செற்றிங்கைக் கொஞ்சம் குறைச்சு வைச்சால் இந்த மூண்டும் விளையாடேலும். ஜிடிஏ 5 கொம்பியூட்டருக்கு வந்தது 2015இல, அது இப்ப பெரிய பாரமில்லை. ஒரு விசயம் கவனியுங்கோ: 16 ஜீபி ராமை (மெசின் வேலை செய்யேக்க பாவிக்கிற தற்காலிக நினைவகம்) ஒரே துண்டா வாங்காமல் 8 ஜீபி துண்டு ரெண்டா வாங்குங்கோ. இந்த மாதிரி மெசினில கிராபிக்ஸும் அந்த ராமைத்தான் பாவிக்கும். ரெண்டு துண்டு எண்டால் ரெண்டு வழியால தரவு போகும், கேம் ஓடுற வேகத்தில வித்தியாசம் நல்லாத் தெரியும்.

புதுசா வந்த பெரிய கேமுகளை எழுதியிருந்தால் கார்ட் வேணும். 8 ஜீபி உள்ள ஆர்எக்ஸ் 6600 அளவிலான கார்ட் ஒண்டு, சாதாரண 1080 மொனிட்டருக்குப் போதும். இந்த வருசம் கார்ட் இல்லாமல் வாங்கி, அடுத்த காலபோக வெட்டு முடிய கார்டைப் போடுறதும் நல்ல வழிதான். ஆனால் பவர் சப்ளையை (வீட்டுக் கரண்டை மெசினுக்கு ஏற்ற மாதிரி மாத்திக் குடுக்கிற பெட்டி) இப்பவே அந்தக் கார்டையும் தாங்கக்கூடியதா எடுக்கோணும்.

ஒட்டுசுட்டான், ஒரு அப்பா: கடைக்காரர் தந்த கோட்டேசன் இது. ஐ3 12100எஃப், 8 ஜீபி ராம், 1 ரிபி ஹார்ட் டிஸ்க், லைற் எரியிற கேசிங் பவர் சப்ளையோட. கார்ட் பிறகு போடலாமாம். எடுக்கலாமோ?

வேண்டாம் அண்ணை. அந்த 'எஃப்' எழுத்தின்ர கருத்தே உள்ளுக்குள்ள கிராபிக்ஸ் இல்லை எண்டதுதான். கார்ட் பூட்டும் வரைக்கும் மொனிட்டரில படமே வராது. இப்பிடி வாங்கிப்போட்டு, மொனிட்டர் பழுது எண்டு என்னட்டத் தூக்கிக்கொண்டு வந்த ஆக்கள் இருக்கினம். கார்ட் இப்ப இல்லையெண்டால் 'எஃப்' இல்லாத 12100 எடுங்கோ, இல்லாட்டி மேல சொன்ன 5600ஜி. ஹார்ட் டிஸ்கை விட்டிட்டு, அதைவிட வேகமான சேமிப்பான எஸ்எஸ்டி ஒண்டு, 500 ஜீபியில போடச் சொல்லுங்கோ. லைற் எரியிற கேசிங்குக்கு நான் எதிரியில்லை, பிள்ளைக்கு ஆசையா இருக்கும். அதோட சும்மா வாற பவர் சப்ளைதான் எனக்குப் பயம்.

முத்தையன்கட்டு, ஒரு விவசாயி: பின்னேரம் தோட்டத்து மோட்டர் போட்டால் வீட்டு லைற் ஒருக்கா மங்கி எழும்பும். இந்தக் கரண்டில கொம்பியூட்டர் நிக்குமோ?

எல்லாக் கேள்வியிலும் இதைத்தான் நான் முதலாவதா வைப்பன் ஐயா. எங்கட பக்கத்தில மெசின் சாகிறது பழசாகியில்லை, கரண்டால. ஒரு மோட்டர் ஸ்ரார்ட் எடுக்கேக்க, ஓடேக்க இழுக்கிறதைப் போலப் பல மடங்கு கரண்டை ஒரு கணம் இழுக்கும். ரான்ஸ்போமருக்குத் தூரத்தில, லைனின்ர கடைசியில இருக்கிற வீடெண்டால் வோல்ட் அப்பிடியே விழும். லைற் மங்கிறது அதாலதான். அந்த நேரம் மலிவான பவர் சப்ளை தடுமாறி மெசினை ரீஸ்ராட் பண்ணும். நாளுக்கு நாலு தரம் இப்பிடி நடந்தால் எஸ்எஸ்டியில இருக்கிற பைல் பழுதாகும், பிறகு எல்லாத்தையும் இணைக்கிற மதர்போர்டே போகும்.

செய்ய வேண்டியதைச் சொல்லுறன். முதலாவது எர்த். கேசிங்கின்ர இரும்பில கை வைக்க ஒரு சுருக்கு வருதெண்டால் உங்கட பிளக் பொயின்ருக்கு எர்த் சரியில்லை. வயறிங் செய்யிறவரைக் கூப்பிட்டு எர்த் கம்பியையும் ரிப் சுவிச்சையும் பாக்கச் சொல்லுங்கோ. கொம்பியூட்டர் வாங்க முன்னம் இதைச் செய்யுங்கோ, ஏனெண்டால் இது பிள்ளையின்ர உயிரோட சம்பந்தப்பட்டது. மோட்டருக்கும் மெசினுக்கும் வேற வேற வயர் போகட்டும்.

ரெண்டாவது பவர் சப்ளை. வெளியில பெரிசா எழுதின 500 வோட்டை நம்பாதேங்கோ. பக்கத்தில ஒட்டின ஸ்ரிக்கரில 12 வோல்ட் எண்ட வரியில எத்தினை அம்பியர் எண்டு பாருங்கோ. 35 அம்பியர் எண்டால் 12ஆல பெருக்க 420 வோட். பிரொசெசரும் கார்டும் சாப்பிடுறது அந்த வரியிலயிருந்துதான். அதில 15, 16 அம்பியர் மட்டும் இருந்தால் 500 எண்டு எழுதினது வெறும் எழுத்து. கரண்டைக் கனக்க வீணாக்காது எண்டதுக்கான 80 பிளஸ் முத்திரை உள்ளதா, வொறண்டி துண்டோட எடுங்கோ.

மூண்டாவது யூபிஎஸ், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் மெசினை ஓட விடுற பற்றரிப் பெட்டி. 650 விஏ எண்டு விக்கிறது அனேகமா 360லயிருந்து 390 வோட் வரைதான் தாங்கும். நடுத்தரக் கேம் மெசினுக்கு அது காணும். ஆனால் கரண்ட் போன பிறகு விளையாட இல்லை, சேவ் பண்ணி நிப்பாட்டத்தான். வெக்கையில அதின்ர பற்றரி ரெண்டு மூண்டு வருசத்தில களைச்சிடும், மாத்திறதுக்குக் காசு ஒதுக்கி வையுங்கோ. பெரிய பற்றரி இன்வேட்டரில ஓட்டுற வீடுகள் 'சைன் வேவ்' (லைன் கரண்டைப் போலச் சீரான அலை) உள்ளதோ எண்டு கேட்டு வாங்குங்கோ. மற்ற வகையில சில நல்ல பவர் சப்ளையளே நிண்டு போகும்.

சித்திரையிலயும் ஐப்பசி கார்த்திகையிலயும் இடி முழங்கத் தொடங்கினவுடன பிளக்கைக் கழட்டுங்கோ. ரெலிபோன் லைன் வாற ரவுட்டரின்ர வயரையும் கழட்டுங்கோ. என்ர வீட்டில பிளக்கைக் கழட்டிப்போட்டு அந்த வயரை மறந்திட்டன். மின்னல் அதால வந்து போர்டைக் கொண்டு போட்டுது. தொழில் தெரிஞ்ச எனக்கே அது நடந்தது, அதாலதான் திரும்பத் திரும்பச் சொல்லுறன்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? (நாலு பேர் கேட்டிருக்கினம்)

கேம் ஓடேக்க மொனிட்டரோட 250 வோட் எண்டு வைப்பம். நாலு மணித்தியாலம் விளையாடினால் ஒரு யூனிட். மாசம் 30 யூனிட். உங்கட வீடு இப்ப 50 யூனிட்டில நிண்டால் அது 80 ஆகும். 60ஐத் தாண்டினவுடன முதல் யூனிட்டிலயிருந்தே கணக்கு வேற, நிலையான கட்டணமும் கூடும். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் எண்டு வைச்சால் 60க்குள்ள நிக்கலாம். பில்லைப் பிள்ளையின்ர கையில குடுத்து அவனையே கணக்குப் பாக்க விடுங்கோ.

புதுக்குடியிருப்பு, ஒரு தம்பி: ஆர்எக்ஸ் 580 கார்ட் செக்கன்ட் ஹான்டில மலிவா வருது. மைனிங் கார்ட் எண்டு சொல்லுறாங்கள்.

தம்பி, மைனிங் எண்டால் கார்டைக் கணக்குப் போட விட்டு இணைய நாணயம் தோண்டுறது. 2022 செப்ரெம்பரில எதீரியம் எண்ட இணைய நாணயம் கார்டால தோண்டுற முறையைக் கைவிட்டுது. அதோட இராப்பகலா ஓடின கார்டுகள் சந்தைக்கு வந்துது. எல்லாம் கூடாதெண்டில்லை. ஆனால் 580 வந்தது 2017இல, கரண்டும் கூட இழுக்கும். விக்கிறவர் உமக்கு முன்னால அரை மணித்தியாலம் கேம் ஓட்டிக் காட்டோணும். திரையில புள்ளி, கோடு வந்தாலோ, காத்தாடி கரகரத்தாலோ எடுக்காதையும். பஸ்ஸில போட்டு விடுறன், காசை முதல் அனுப்பும் எண்டால் கதையை அதோட நிப்பாட்டும்.

மல்லாவி, ஒரு அக்கா: கனடாவில இருக்கிற சித்தப்பா முழு மெசினையும் அனுப்புறன் எண்டு நிக்கிறார்.

சித்தப்பாவுக்கு நன்றி சொல்லி, முதலில ஒரு படம் கேளுங்கோ அக்கா: பவர் சப்ளையின்ர பின்பக்கப் படம். அங்க 120 வோல்ட், இங்க 230. ஸ்ரிக்கரில 100–240 எண்டிருந்தால் பிளக் வயரை மட்டும் மாத்தினால் போதும். சின்னச் சிவப்புச் சுவிச் இருந்து அது 115இல நிண்டால், இங்க கொழுவின கையோட வெடிக்கும். பாரமான கார்டைப் பூட்டினபடி அனுப்பினால் வழியில ஆடி, போர்டில அது இருக்கிற இடம் உடையும், அதைக் கழட்டித் தனியாச் சுத்தோணும். பழுதானால் வொறண்டிக்குத் திரும்பக் கனடாவுக்கே அனுப்ப வேண்டி வரும். காசா அனுப்பினால் இங்கயோ, கொழும்பில யுனிற்றி பிளாசாவிலயோ வொறண்டியோட வாங்கலாம். எனக்கு அதுதான் விருப்பம்.

பூந்தோட்டம், வவுனியா, 17 வயது மாணவி: எனக்கும் கேம் விருப்பம். ஏஎல்லுக்குத் தொழினுட்பம் படிக்கிறன். லப்டொப்போ டெஸ்க்டொப்போ?

தங்கச்சி, கம்பஸுக்குக் கொண்டு போக வேணும் எண்டது நிச்சயமெண்டால் லப்டொப். 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினதை மறந்திருக்க மாட்டீர், அந்த நேரம் பற்றரி எவ்வளவு பெரிய உதவி. ஆனால் அதே காசுக்கு டெஸ்க்டொப் கூட வேலை செய்யும். கார்டின்ர பேர் ஒண்டா இருந்தாலும் லப்டொப்பில இருக்கிறது பலம் குறைஞ்சது, பிறகு மாத்தவும் ஏலாது. ரெண்டு வருசம் வீட்டிலயிருந்துதான் படிக்கப் போறீர் எண்டால் டெஸ்க்டொப்பை எடும். கேம் விளையாடுற மெசினிலதான் புரோகிராமிங்கும் படம் வரையிறதும் நல்லா ஓடும் எண்டு வீட்டில சொல்லும், அது உண்மையும் கூட.

மாங்குளம்: அவ்வளவு காசில்லை. ஒபிஸில பாவிச்ச மெசின் சரிவருமோ?

சரிவரும், ஆனால் எட்டாவது தலைமுறை இன்டெல் பிரொசெசருக்குக் கீழ வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஓட முடிஞ்சுது, அதுக்குக் கீழ இருக்கிறதுகளை விண்டோஸ் 11 ஏற்காது. 11இல வலரன்ட் விளையாட ரிபிஎம் 2.0, செக்கியூர் பூட் எண்ட ரெண்டு பாதுகாப்பு வசதியும் மெசினில இருக்கோணும். இந்தப் பெட்டியளில பவர் சப்ளை சின்னன். அதால தனி வயர் கேக்காத, 75 வோட்டுக்குள்ள நிக்கிற ஜிரிஎக்ஸ் 1650 மாதிரிக் கார்ட் ஒண்டைத்தான் போடலாம். ஒடுக்கமான பெட்டி எண்டால் கட்டைக் கார்ட் வேணும், அளந்து பாத்து வாங்குங்கோ.

தூசி, வெக்கை?

தகரக் கூரைக்குக் கீழ, சுவரோட ஒட்டி வைக்காதேங்கோ. நிலத்திலயும் வேண்டாம், மேசையில வையுங்கோ. மாசம் ஒருக்காத் தூசி தட்டுங்கோ, நெல்லுத் தூத்திற நாளில மூடி வையுங்கோ. எறும்பும் பல்லியும் உள்ளுக்குள்ள போகும், பின்பக்க ஓட்டையளை மூடுற தகடு இல்லாட்டிக் கேட்டு வாங்குங்கோ.

கிளிநொச்சி, ஒரு ரீச்சர்: பிள்ளை இதிலயே மூழ்கிப் போகாதோ?

ரீச்சர், உங்கட பயம் நியாயமானது. மெசினை அறைக்குள்ள வைக்காமல் எல்லாரும் நடமாடுற விறாந்தையிலயோ ஹோலிலயோ வைக்கச் சொல்லுங்கோ. ஜிடிஏ 18 வயசுக்கு மேல எண்டு மதிப்பிட்ட கேம், 13 வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம். முன்பின் தெரியாத ஆக்களோட கதைக்கிற வசதியை நிப்பாட்டி வைக்கலாம். வங்கிக் கார்ட் இலக்கத்தை மெசினில சேமிக்கக் குடாது. பென்டிரைவில கைமாறுற கொப்பிக் கேமுகளைத் தொடவே வேண்டாம், நான் வைரஸ் எடுக்கிற மெசினுகளில கனக்க அதாலதான் வந்தது. காசில்லாத நல்ல கேமுகள் முறையாவே கிடைக்குது. அப்பாமார் பக்கத்தில இருந்து ஒரு நாளாவது விளையாடிப் பாருங்கோ, பிள்ளை என்ன பாக்கிறான் எண்டு அப்பதான் விளங்கும்.

பரந்தன், 16 வயதுத் தம்பி: சாமான்களை வாங்கி நானே பூட்டலாமோ?

பூட்டலாம், பூட்டோணும். பிரொசெசரை வைக்கேக்க மூலையில இருக்கிற முக்கோண அடையாளத்தைப் பொருத்திப் பாத்து வையும், அமத்தாதையும். தொட முன்னம் கேசிங்கின்ர இரும்பில ஒருக்காக் கை வையும். கார்ட் இருந்தால் மொனிட்டர் வயரைக் கார்டிலதான் கொழுவோணும், போர்டில இல்லை. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு சனசமூக நிலையத்துக்குப் பழைய மெசின் ஒண்டு கொண்டு வாறன், முழுசாக் கழட்டித் திரும்பப் பூட்டுவம். நட்சத்திரத் தலை ஸ்குறூட்ரைவர் இருந்தால் எடுத்துக்கொண்டு வாரும்.