கேளுங்க, பதில் சொல்றோம்: வீடு தேடி வர்ற ஆராய்ச்சிக்காரங்க

கே: சார், ஒரு யுனிவர்சிட்டியோட பொது சுகாதார ஆராய்ச்சி மையத்துல இருந்து வர்றோம்னு ரெண்டு பொண்ணுங்க டேப்லெட்டோட வந்தாங்க. என்ன அடுப்பு, வீட்ல யாரு பீடி குடிப்பாங்க, எத்தனை வருஷமா இங்க இருக்கீங்கன்னு ஒரே கேள்வி. மாமியாரை ஒரு மெஷின்ல ஊதச் சொன்னாங்க. அடுத்த தடவை ரத்தம் எடுப்பாங்களாம். மருந்து மாத்திரை ஒண்ணும் தரல. பக்கத்து வீட்டு அக்கா இனிமே கதவே திறக்காதன்றாங்க. என்ன பண்றது?
- வாசகி, திருவொற்றியூர்

ப: கதவைத் திறங்கம்மா, ஆனா கேக்க வேண்டியதையெல்லாம் கேட்டுடுங்க. ஆஸ்பத்திரி டாக்டர் உங்க மாமியார் இருமலுக்கு மருந்து எழுதுவாரு, ஆனா உங்க தெருல இத்தனை பேர் ஏன் இருமுறாங்கன்னு அந்த ஓபி கூட்டத்துல உக்காந்து அவரால கண்டுபிடிக்க முடியாது, அதுதான் இவங்க வேலை. இருமல் விறகு அடுப்புப் புகையால வரலாம், பீடியால வரலாம், கன்டெய்னர் லாரி புகை, ஃபேக்டரி காத்து, பழைய டிபி, எதனால வேணா வரலாம். ஒண்ணுல இருந்து ஒண்ணைப் பிரிச்சாதான் காரணம் தெரியும், அதுக்குத்தான் அடுப்புல இருந்து ஆரம்பிச்சு அத்தனை கேள்வி. ஃபேக்டரியே இல்லாத வேற ஏரியாலயும் இதே கேள்விய கேட்டு ஒப்பிட்டுப் பாப்பாங்க. இல்லன்னா "உங்க ஆளுங்க பீடி குடிக்கிறாங்க, அதான் இருமுது"ன்னு சொல்லி யார் வேணா கை கழுவிட்டுப் போயிடலாம்.

ஊதுற மெஷின் பேரு ஸ்பைரோமீட்டர். மூச்சை முழுசா இழுத்து வேகமா ஊதினா, மொத்தக் காத்துல முதல் செகண்ட்ல எவ்வளவு வெளிய வருதுன்னு காட்டும். அந்த அளவு கம்மியா இருந்தா மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கலாம்.

மருந்தே தராத ஆராய்ச்சியால நமக்கென்ன லாபம்னு நினைக்காதீங்க. 1956ல சென்னைல டிபி சிகிச்சை ஆராய்ச்சி மையம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு சேத்துப்பட்டுல இருக்குற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அப்பல்லாம் டிபின்னா சானடோரியம்னு சொல்ற தனி டிபி ஆஸ்பத்திரில மாசக்கணக்கா படுத்தாகணும், வேலைக்குப் போறவன் குடும்பம் என்ன ஆகும்? இவங்க நெருக்கமான வீடுகள்ல இருந்த ஏழை நோயாளிங்கள்ல பாதிப் பேரை வீட்லயே வெச்சு மாத்திரை குடுத்தாங்க, மீதிப் பேரை சானடோரியத்துல வெச்சாங்க. வீட்ல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானாங்க, வீட்ல கூட இருந்தவங்களுக்கும் அதனால கூடுதலா நோய் பரவல. 1959ல ரிசல்ட் வெளிவந்துச்சு, அதுக்கப்புறம் உலகம் பூரா டிபி சிகிச்சை வீட்டுக்கே மாறிடுச்சு. நம்ம ஊர் ஏழை ஜனங்க ஒத்துழைச்சதால நடந்தது அது, எனக்கு அதுல ரொம்பப் பெருமை.

இப்போ உங்க உரிமை. ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடி சம்மதப் படிவம் தமிழ்ல தரணும், படிக்கத் தெரியாட்டி படிச்சுக் காட்டணும், ஒரு காப்பி உங்க கையில இருக்கணும். ஆராய்ச்சி நியாயமா நடக்குதான்னு பாக்குற எதிக்ஸ் கமிட்டியோட அனுமதி இருக்கா, ரத்தத்துல எதை டெஸ்ட் பண்றீங்க, மிச்சத்தை எத்தனை நாள் வெச்சிருப்பீங்க, எங்க ரிப்போர்ட் எங்களுக்கு வருமா, எல்லாத்தையும் கேளுங்க. நடுவுல வேணாம்னு தோணினா விலகிக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்ல, அதனால உங்க சிகிச்சை எதுவும் நிக்கக் கூடாது. மாமியார் ஊதின ரிசல்ட் சரியில்லன்னா எழுதி வாங்கிட்டு ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்க. முக்கியமா, ஆய்வு முடிஞ்சதும் ஏரியாக்கு வந்து என்ன கண்டுபிடிச்சோம்னு சொல்வீங்களான்னு கேளுங்க. தகவலை மட்டும் வாங்கிட்டுப் போய் திரும்பியே வராத டீம்கள் மேல மக்களுக்கு இருக்குற கோபம் நியாயமான கோபம்.

கே: மணலி பக்கம் நைட்டு மூக்கு எரியுது, ஆனா ஆப்ல காத்து "திருப்திகரம்"னு காட்டுது. எதை நம்புறது?
- வாசகர், மணலி

ப: உங்க மூக்கைத் தள்ளிடாதீங்க தம்பி. ஆப்ல வர்ற ஏக்யூஐ, அதாவது காத்துத் தரக் குறியீடு, அந்த நம்பர்ல தூசிக்கெல்லாம் 24 மணி நேர சராசரிதான் எடுப்பாங்க, நைட்டு ஒரு மணி நேரம் அடிச்ச நெடி அதுல கரைஞ்சு போயிடும். அதோட பென்சீன், ஹைட்ரஜன் சல்ஃபைடு மாதிரி வாயுங்க அந்தக் கணக்குலயே கிடையாது. இன்னொண்ணு, பிஎம் 2.5ங்குற நுண்தூசி ஒரு நாள் சராசரியா ஒரு கன மீட்டர் காத்துல 60 மைக்ரோகிராம் வரைக்கும் இருந்தாலும் நம்ம நாட்டு அளவுல "திருப்திகரம்"தான், உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன அளவோ 15. நெடி அடிச்ச தேதி, நேரம், காத்து எந்தப் பக்கமிருந்து வந்துச்சு, யாருக்கு என்ன பண்ணுச்சுன்னு தெருல நாலஞ்சு பேர் தனித்தனியா நோட்டுல எழுதுங்க. 2023 டிசம்பர்ல எண்ணூர்ல நடுராத்திரி அமோனியா கசிஞ்சப்போ மூச்சுத் திணறி வெளிய ஓடி வந்த ஜனங்கதான் முதல் சாட்சி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் குடுக்கும்போது அந்த நோட்டோட ஜெராக்ஸையும் சேத்துக் குடுங்க, ஆராய்ச்சி டீம் வந்தா அவங்களுக்கும் ஒரு காப்பி.

கே: பி.எஸ்சி முடிச்சிருக்கேன், இந்த மாதிரி சென்டர்ல வேலை கிடைக்குமா?
- வாசகி, வியாசர்பாடி

ப: கிடைக்கும்மா. வீடு வீடா போய் தகவல் எடுக்குற ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர் மாதிரி வேலைக்கு பல ப்ராஜெக்ட்ல டிகிரி இருந்தா போதும், ஆனா காண்ட்ராக்ட் வேலைதான், ப்ராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடியும், அதைத் தெரிஞ்சே சேருங்க. எக்ஸெல்லும் கொஞ்சம் புள்ளியியலும் கத்துக்கிட்டா மேல போகலாம், அப்புறமா எம்.பி.ஹெச்.ங்குற பொது சுகாதார முதுகலைப் படிப்பு படிக்கலாம். நம்ம ஏரியா பேச்சு தெரிஞ்ச, நம்ம வீட்டுத் திண்ணைல உக்காந்து பேசக் கூச்சப்படாத பொண்ணு அந்த டீம்ல இருந்தா முதல் கேள்வில இருந்த அம்மா மாதிரி ஆளுங்க தைரியமா பேசுவாங்க. ஆயப்பாக்கத்துல ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கு, அவங்க வெப்சைட்ல வர்ற ப்ராஜெக்ட் வேலை அறிவிப்புகளை விடாம பாத்துட்டு இருங்க.