பாலைவன லாயத்துக்கு எந்தப் புல்? – வாசகர் கேள்வி பதில்

எங்கள் லாயத்தில் எல்லாம் அரபுக் குதிரைகள். இதுவரை உள்ளூர் ரோட்ஸ் புல்தான் போடுகிறோம். வெளிநாட்டுத் திமோதிப் புல்தான் உசத்தி என்று வியாபாரி எங்கள் அர்பாபிடம் (முதலாளியிடம்) சொல்லிவிட்டார். விலையோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாற்றத்தான் வேண்டுமா?
– ஷார்ஜா வாசகர்

மாற்ற வேண்டியதில்லை. வாங்கும் ரோட்ஸ் நல்ல அறுப்பாக இருந்தால் போதும். திமோதி குளிர்நாட்டுப் புல், வளைகுடா வெயிலில் வராது. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பலேறி வருவதால், நீங்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்கு கப்பல் கூலிக்கே போகிறது. கதிர் முற்றிய திமோதியைவிட இளசாக அறுத்த ரோட்ஸ் எவ்வளவோ மேல். ரோட்ஸில் புரதம் இளம் பருவத்தில் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பூத்து முற்றிவிட்டால் 6, 7 என்று இறங்கிவிடும். ஆகவே புல்லின் பெயரைக் கேட்பதற்கு முன், எந்தப் பருவத்தில் அறுத்தது என்று கேளுங்கள்.

வியாபாரியின் வாய்ச்சொல்லை விடுங்கள், ஒரு பேலை (இறுக்கிக் கட்டிய புல் கட்டை) பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் வெளுத்திருந்தால் கவலை வேண்டாம், அது வெயில் பட்ட நிறம். உள்ளே பச்சை இருக்க வேண்டும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி வாங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. பச்சையாக இருந்தும் வெறும் தண்டாக இருக்கும் புல் உண்டு. ஒரு பிடி எடுத்துக் கையில் இறுக்குங்கள். குத்தினால், குதிரையின் வாயிலும் அப்படித்தான் குத்தும். குடைக்கம்பிபோல் விரிந்த கதிர்கள் நிறையத் தெரிந்தால் முற்றிய அறுப்பு. பிறகு பிரித்த இடத்தில் தரையைப் பாருங்கள். இலைத்தூள் குவிந்து கிடந்தால், நண்பகலில் காய்ந்து நொறுங்கும் நேரத்தில் பேல் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பாலைவனத்தில் புல் காயாமல் கெடுவதைவிட, அளவுக்கு மீறிக் காய்ந்து இலை உதிர்வதுதான் அதிகம். சத்து இலையில்தான் இருக்கிறது. விவரம் தெரிந்த பண்ணைக்காரர்கள் விடியற்காலைப் பனி ஈரம் லேசாக இருக்கும்போதே கட்டிவிடுவார்கள்.

லாயத்துக்கு மொத்தமாக வாங்குகிறீர்கள் என்றால் ஆய்வகச் சோதனைக்கு ஆகும் செலவு வீண்போகாது. ஏடிஎஃப், அதாவது எளிதில் செரிக்காத நாரின் அளவு, 45 சதவீதத்தைத் தாண்டினால் வயிறு நிரம்பும், உடம்பில் ஒட்டாது. குளம்பு வீக்க நோய் வந்த குதிரை இருந்தால் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

எந்தப் புல்லுக்கு மாறினாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். கால் பங்கு, அரைப் பங்கு என்று ஏற்றி 10 முதல் 14 நாளில் முடியுங்கள். பெருங்குடலில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் புதுப் புல்லுக்குப் பழக அவ்வளவு நாள் ஆகும்.

ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு எத்தனை கிலோ? நாங்கள் வேளைக்கு இரண்டு அடுக்கு என்று போடுகிறோம்.
– அல் ஐன் வாசகர்

அடுக்கு என்பது அளவே அல்ல. ஒரே பேலில் பிரித்த இரண்டு அடுக்கின் எடை ஒன்றாக இருக்காது. குதிரை மசால் (லூசர்ன்) அடுக்கு அதே தடிமனுள்ள ரோட்ஸ் அடுக்கைவிட நன்றாகவே கனக்கும். தொங்கு தராசு ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

முதலில் குதிரையின் எடை. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 170, நீளம் 155 என்றால் ஏறக்குறைய 377 கிலோ. அதில் 2 சதவீதம், அதாவது ஏழரைக் கிலோ உலர்புல், நாள் கணக்கு. இளைக்க வைக்க வேண்டிய குதிரைக்கும் 1.5 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள்.

வேளை பிரிப்பதில்தான் பாலைவன லாயம் வேறுபடுகிறது. நார் செரிக்கும்போது உடலுக்குள் சூடு பிறக்கிறது. குளிர்நாட்டில் அது வரம், ஜூலை மாத அல் ஐனில் சுமை. ஆகவே பெரும் பங்கை மாலை மங்கியபின்னும் இரவு கடைசிச் சுற்றிலும் போடுங்கள். விடியலில் ஒரு பங்கு, நண்பகலில் கொஞ்சம். நண்பகல் பங்கை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். குதிரையின் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரக்கும். ஐந்தாறு மணி நேரம் வெறும் வயிறாக விட்டால் புண் வரும். வேகமாகத் தின்று முடிக்கும் குதிரைக்குச் சின்னக் கண்ணுள்ள வலை கட்டினால் அதே புல் இரண்டு மடங்கு நேரம் ஓடும். வலை காலியானதும் கீழே தொங்கி, அதில் குளம்பு சிக்காத உயரத்தில் கட்டுங்கள்.

காய்ந்த புல் தண்ணீரை இழுக்கும். கோடையில் இந்த எடையுள்ள குதிரை 40, 50 லிட்டர் குடிப்பது சாதாரணம், வேலை செய்தால் இன்னும் கூடும். வெயிலில் நின்று சுட்ட தண்ணீரைக் குதிரை ஒதுக்கும். தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள். வெள்ளை உப்பு நாளுக்கு 30 கிராம், வியர்க்கும் குதிரைக்கு அதற்கு மேல். குடிப்பது குறைந்தால் குடலில் புல் இறுகிக் கோலிக் என்னும் கடும் வயிற்றுவலி வரும். மெல்லிய தண்டுள்ள அறுகம்புல்லைக் காய வைத்துப் போட்டால் இந்த அடைப்பு ஆபத்து அதிகம். அதைப் போடுகிறவர்கள் தண்ணீரை இரட்டைக் கவனத்தோடு பாருங்கள்.

குதிரைக்கு அடிக்கடி கழிச்சலும் வயிற்றுவலியும். மணல்தான் காரணம் என்கிறார் கூட வேலை செய்பவர். எப்படித் தெரிந்துகொள்வது?
– தோஹா வாசகர்

தரையைத் தொடாத சாணி உருண்டைகள் ஆறு எடுத்து, தெளிவான பிளாஸ்டிக் பையில் ஒரு லிட்டர் தண்ணீரோடு கரையுங்கள். கால் மணி நேரம் தொங்கவிட்டால் மணல் அடியில் படியும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் இருந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். படியவில்லை என்பதால் குடலில் மணல் இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். சில குதிரைகள் வெளியேற்றாமலே சேர்த்து வைக்கும்.

புல்லை மணலில் வீசுவதை இன்றே நிறுத்துங்கள். ரப்பர் விரிப்பு போட்டு, அதன்மேல் அகலத் தொட்டியில் வையுங்கள். விரிப்பைத் தினமும் பெருக்குங்கள், இல்லாவிட்டால் அதுவே மணல் தட்டாகிவிடும். வயிறு நிறையப் புல் தின்னும் குதிரை மண்ணை நக்குவது குறைவு. நாரே மணலைத் தள்ளிக்கொண்டும் போகும். இசப்கோல் கொடுப்பதும் உண்டு. அளவை மருத்துவர் சொல்லட்டும்.

ஜோத்பூர் பக்கம் குதிரை வளர்க்கிறோம். இங்கே அஞ்சன் புல் தாராளம். எங்கள் காங்கேயம் கொரங்காட்டில் மாடு மேயும் கொழுக்கட்டைப் புல்தானே இது? குதிரைக்கும் அதையே போடலாமா?
– ஜோத்பூர் வாசகர்

அதே புல்தான். மாட்டுக்கு ஒத்துக்கொள்வது குதிரைக்கு ஒத்துக்கொள்ளாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கொழுக்கட்டைப் புல்லில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் பழகப் பழக அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட, உடல் எலும்பிலிருந்து அதை எடுக்கத் தொடங்கும். சில மாதத்தில் இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று இடம் மாறும் நொண்டல் வரும். முகம் இருபுறமும் வீங்கும். குட்டிகளுக்கும் பால் கொடுக்கும் பெண் குதிரைகளுக்கும்தான் முதல் அடி. ரத்தச் சோதனையில் கால்சியம் சரியாகவே காட்டும் என்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். காய வைத்தாலும் ஆக்சலேட் போகாது.

கோதுமைத் தவிடும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்றால் நிலைமை இன்னும் மோசம். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் சொற்பம். தவிட்டை நிறுத்துங்கள். கொழுக்கட்டைப் புல்லைப் பாதிக்கும் கீழே குறைத்து, மீதிக்கு வேறு புல் தேடுங்கள், கொஞ்சம் குதிரை மசாலும் சேருங்கள். கால்சியம் கலவை எவ்வளவு என்பதைப் புல்லைச் சோதித்தபின் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அப்படியானால் குதிரை மசாலை மட்டுமே போட்டுவிடலாமே? இங்கே ‘ஜத்’ என்ற பெயரில் அது மலிவாகக் கிடைக்கிறது.
– மஸ்கட் வாசகர்

வேண்டாம். உணவில் பாதிக்கு மேல் மசால் போனால், மக்னீசியமும் புரதமும் மிகுந்து பெருங்குடலில் கல் வளரும் ஆபத்து உண்டு. சின்னக் கம்பித் துண்டோ கூழாங்கல்லோ உள்ளே போனால் அதைச் சுற்றியே படியும். பேல் கம்பியை வெட்டியதும் எண்ணிப் பார்த்து அப்புறப்படுத்துங்கள். மிச்சப் புரதம் சிறுநீராகப் போய், அடைத்த லாயத்தில் அம்மோனியா வாடையாகக் கண்ணைக் கரிக்கும். ஏழரைக் கிலோவில் ஒன்றரைக் கிலோ மசால், மீதி ரோட்ஸ் என்பது நல்ல கலவை.

கடற்கரை ஓரம் கொட்டகை. ஆகஸ்டில் பேல் பூஞ்சணம் பிடிக்கிறது.
– ராஸ் அல் கைமா வாசகர்

தார்ப்பாயைப் பேலின்மேல் ஒட்டிப் போர்த்தாதீர்கள், இரவு ஈரம் உள்ளேயே நின்றுவிடும். கூரை மேலே, பக்கங்கள் திறப்பு, அடியில் மரப்பலகை, வரிசைகளுக்கு நடுவே கை நுழையும் இடைவெளி. கோடையில் ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். பூஞ்சணம் பட்ட பேலை நனைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பது தவறு. நனைப்பது தூசுக்குத்தான். அதுவும் பத்து நிமிடம் முக்கி உடனே போட வேண்டும், அந்த வெப்பத்தில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். பேலுக்குள் செத்த எலியோ பல்லியோ தென்பட்டால் அந்த இடத்தை மட்டும் பிடுங்கி எறிந்தால் போதாது, முழுப் பேலையும் கொட்டிவிடுங்கள். செத்த உடலில் கிருமிகள் உண்டாக்கும் போட்யூலிசம் என்னும் கொடிய நஞ்சு சுற்றிலும் பரவியிருக்கக்கூடும்.