கெலபோர்ன் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எழுத்தாளர் டோல்கீனின் கற்பனை உலகை வைத்து எடுத்த 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடரின் இரண்டாம் பருவத்தில், எல்ஃப் இனத்து எல்ராண்ட் அதே இனத்துக் கலாட்ரியலை முத்தமிடும் காட்சி எனக்கு அருவருப்பூட்டியது. டோல்கீனின் கதையில் அவன் மணப்பது அவளுடைய மகளை அல்லவா? என் தோழிகளோ கலாட்ரியலையும் இருளரசன் சாரானையும் சேர்த்துவைக்க வேண்டும் என்று முதல் பருவத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மூலத்தைப் படித்த உங்களுக்கு இதெல்லாம் துரோகமாகத் தோன்றவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாமியார், மருமகன் என்று முறை சொல்லிப் பார்த்தால் கூச்சம் வரத்தான் செய்யும். எல்ராண்ட் கலாட்ரியலின் மகள் கெலப்ரியனை மணப்பது மூன்றாம் யுகத்தின் 109ஆம் ஆண்டில்; தொடரின் கதையோ அதற்கு முந்தைய இரண்டாம் யுகத்தில் நடக்கிறது. 2024 செப்டம்பரில் வெளியான அந்த ஏழாம் பகுதியை இன்னொரு முறை பாருங்கள். ஆர்க் படைத்தலைவன் அடாரின் கூடாரத்தில் கலாட்ரியல் விலங்கிடப்பட்டிருக்கிறாள். முத்தமிடும் சாக்கில் எல்ராண்ட் தன் உடையின் ஊசியை அவள் கையில் சேர்த்துவிடுகிறான், பின்னர் அதைக்கொண்டு அவள் தப்புகிறாள். ஓர் அணைப்பே அதற்குப் போதும் என்பவர்களின் கட்சியில்தான் நானும் இருக்கிறேன்; என்றாலும் துரோகம் என்பது பெரிய சொல்.

உங்கள் தோழிகளின் விருப்பத்துக்கு மூலத்திலேயே வேர் இருக்கிறது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் கலாட்ரியல், சாரானின் மோதிரத்தைச் சுமந்து செல்லும் ஃப்ரோடோவிடம், இருளரசனின் மனத்தைத் தான் அறிவதாகவும், அவன் ஓயாமல் தன் எண்ணங்களைக் காணத் துழாவிக்கொண்டிருப்பதாகவும், ஆனால் கதவு இன்னும் மூடியே இருப்பதாகவும் சொல்கிறாள். தொடரை எழுதியவர்கள் அந்த மூடிய கதவுக்கு ஒரு முன்கதை கட்டியிருக்கிறார்கள். முதல் பருவத்தின் இறுதியில், ஹால்பிராண்ட் என்ற மனிதனாக வந்தவன் சாரான்தான் என்று வெளிப்பட்டபின், நடுக்கடல் தெப்பத்தில் அவளை அரசியாக்குவதாக ஆசைகாட்டி, நீரில் இருவர் பிம்பத்தையும் சேர்த்துக் காட்டுகிறான். நாவலில் ஃப்ரோடோ அந்த மோதிரத்தை அவளுக்குக் கொடுக்க முன்வரும்போது, ஒரு கணம் தனக்குள் எழுப்பிப் பார்த்து அவள் விலக்கிவைக்கும் அரசியும் இவளேதான். ஆகவே இதில் ஈர்ப்பைக் காண்பவர்கள் இல்லாததைக் கற்பித்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குக் கதவு திறக்க வேண்டும். எனக்கு அது திறக்காமலிருப்பதே சுவை.

என் மனக்குறை வேறு. கெலபோர்ன் அவளுடைய கணவன், நாவலில் அவளோடு சேர்ந்து லோத்லோரியன் என்ற எல்ஃப் வனநாட்டை ஆள்பவன். தொடரின் முதல் இரண்டு பருவங்களிலும் அவன் முகமே தென்படவில்லை. முதல் பருவத்தின் ஏழாம் பகுதியில், எரிமலைச் சாம்பல் மூடிய நிலத்தில், தியோ என்ற சிறுவனிடம் அவள் அவனைப் பற்றிப் பேசுகிறாள்: பூக்கள் நிறைந்த வெளியில் தான் ஆடிக்கொண்டிருந்தபோது அவன் கண்டது, போருக்குப் புறப்பட்ட நாளில் அவனுடைய கவசம் உடம்பில் சரியாகப் பொருந்தாதது, வெள்ளிச் சிப்பி என்று தான் அவனைக் கேலி செய்தது, அதற்குப்பின் அவனைக் காணவே காணாதது. அந்தச் சில வரிகள் அத்தனை அழகு. ஆனால் கொல்லப்பட்ட அண்ணன் ஃபின்ராடுக்காக உலகின் விளிம்புவரை பகை தேடிச் செல்பவள், கணவனைத் தேடி ஓரடியும் வைப்பதில்லை. நாற்காலியைக் காலியாகப் போட்டுவிட்டு, அதில் ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்தவனை உட்காரவைக்கிறார்கள் என்று குறைசொல்வது நியாயமில்லை.

இனி கெலபோர்ன் வந்தாலும் ரசிகர்கள் அவனைக் குறுக்கே வந்தவனாகத்தான் பார்ப்பார்கள். வராமலும் தீராது, கெலப்ரியன் பிறந்தாக வேண்டுமே.