சம்பளம் வாங்கும் பெண்ணுக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு

கேள்வி: கணவர் கோவை குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டிருக்கிறார். நான் ஏழு வயது மகளோடு கடலூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மாதச் சம்பளம் 22,000 ரூபாய். சம்மன் வந்துவிட்டது, வாய்தாவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. வேலைக்குப் போகிறவளுக்கு இலவச சட்ட உதவி கிடைக்காது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானத்தைப் பார்க்காமலே இந்த உரிமையைத் தருகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் அப்படித்தான். வருமான வரம்பு இந்தப் பிரிவுகளில் வராதவர்களுக்கு மட்டுமே. உங்கள் சம்பளச் சீட்டைக் காட்டி யாராவது திருப்பி அனுப்பினால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அதன்மேல் ஆணைக்குழுத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

கடலூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு இந்த வாரமே போங்கள். சம்மன், அதோடு வந்த மனு நகல், ஆதார், திருமணப் பதிவுச் சான்று அல்லது பத்திரிகை, மகளின் பிறப்புச் சான்று எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல் போதும். சம்மனில் நீதிமன்றத்தின் பெயர், 'எச்.எம்.ஓ.பி.' என்று தொடங்கும் வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி ஆகிய மூன்றும் இருக்கும். விண்ணப்பத்தில் அவற்றை அப்படியே எழுதி, தேதியை மட்டும் அடிக்கோடிடுங்கள். அலுவலகம் முடிவெடுக்க ஏழு நாள் வரை ஆகலாம். உங்களிடம் 21 நாள்தான் இருக்கிறது என்பது முதல் பார்வையிலேயே அவர்கள் கண்ணில் பட வேண்டும். விண்ணப்பம் கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் போக வழியில்லையென்றால் 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில்தான். 'ஒரு வக்கீல் வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டுவிடுகிறார்கள். உங்களுக்குத் தேவை மூன்று ஊர்களில் மூன்று வேலை. கோவையில் உங்களுக்காக ஆஜராக அந்த மாவட்டக் குழு வழக்கறிஞர், அதாவது அங்குள்ள ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கும் வழக்கறிஞர், வேண்டும். கடலூர் வழக்கறிஞர் வாய்தாவுக்கு வாய்தா அங்கே போய்வர மாட்டார். வழக்கையே கடலூருக்கு மாற்றக் கோருவது சென்னை உயர் நீதிமன்றத்தில் போடும் தனி மனு. அதற்கு உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழு இருக்கிறது. சிறு குழந்தையோடு கோவை வரை அலைய வேண்டியிருப்பது இந்த மனுவுக்கு வலுவான காரணம். மூன்றாவது, ஜீவனாம்சம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு என்று சொன்னது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு. இதை நீங்கள் வசிக்கும் கடலூரிலேயே போடலாம். மூன்றையும் விண்ணப்பத்தில் தனித்தனியாகக் கேளுங்கள். உரிய குழுக்களுக்கு அனுப்பிவைப்பது அலுவலகத்தின் பொறுப்பு.

வழக்கை மாற்றக் கோரி மனு போட்டுவிட்டோமே என்று கோவை வாய்தாவை விட்டுவிடாதீர்கள். உயர் நீதிமன்றம் தடை கொடுக்காத வரை கோவை வழக்கு நடந்துகொண்டேதான் இருக்கும். ஆள் வரவில்லை என்று ஒருதலைப்பட்சமாக விவாகரத்து ஆகிவிட்டால், அதை ரத்து செய்யக் கோர 30 நாள்தான் அவகாசம்.

ஜீவனாம்சத்தில் உங்கள் சம்பளத்தை மறைக்கவே மறைக்காதீர்கள். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இருவருமே வரவு, செலவு, சொத்து, கடன் விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கில் ஏறும் சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால், எதிர்தரப்பு முதலில் உடைப்பது உங்கள் நம்பகத்தன்மையைத்தான். மனைவி சம்பாதிக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஜீவனாம்சம் மறுக்கப்படுவதில்லை. மகளுக்கான தொகையோ, உங்களுக்கானதிலிருந்து வேறாக, தந்தையின் கடமை. பள்ளிக் கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, வாடகையில் உங்கள் பங்கு என்று மாதக் கணக்கு எழுதி வையுங்கள். அந்தத் தீர்ப்பின்படி தொகை மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். அதனால் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் மகளுக்கு நஷ்டம்.

வழக்கறிஞரை நியமித்த கடிதம் வந்ததும் அவரை நேரில் பார்த்து வக்காலத்தில் கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் வேண்டாம். நீதிமன்றக் கட்டணம், தட்டச்சு, நகல் செலவு எல்லாமே உதவிக்குள் அடங்கும். குழு வழக்கறிஞர் உங்களிடம் ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. கேட்டாலோ, இரண்டு வாய்தாவுக்கு வராமல் போனாலோ, தேதிகளைக் குறிப்பிட்டு ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். வழக்கறிஞரை மாற்றித் தரும்படியும் அதிலேயே கேட்கலாம்.

நடுவில் சமரசப் பேச்சுக்கு அழைப்பார்கள், அதற்குப் போவது நல்லதுதான். ஆனால் ஜீவனாம்சத் தகராறு மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. தொகை, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில், மகளை யார் எப்போது பார்ப்பது என்று ஒவ்வொரு வரியும் தமிழில் வாசித்துக் காட்டப்பட்ட பிறகே பேனாவை எடுங்கள்.