காணாமல் போன இரண்டு பூஜ்ஜியங்கள்

கே: 4294967297 பகா எண்ணா? 2, 3, 5, 7, 11, 13 எதனாலும் வகுபடவில்லை. இன்னும் எதுவரை பார்ப்பது?

ப: பகா எண் அல்ல, 641 × 6700417. பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் 116-ஆவது தடவையில் 641 அகப்படும். அவ்வளவு பாடு தேவையில்லை. இது 2³² + 1. அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் இந்த வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 1640-இல் கணிதவியலாளர் ஃபெர்மா கருதினார். 3, 5, 17, 257, 65537 வரை சரிதான். அடுத்ததிலேயே சறுக்கியது, 1732-இல் ஆய்லர் காட்டிவிட்டார்.

இதன் பகாக் காரணி எதுவானாலும் 128-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும் (ஆய்லர் 64 வரை சொன்னார், லூகா 128 ஆக்கினார்). அப்படியானால் 129, 257, 385, 513, 641 என்று பார்த்தால் போதும். 129-உம் 513-உம் 3-ஆல் வகுபடும், 385 ஐந்தால், மூன்றும் கழிந்தன. 257-க்கு வகுக்கவே வேண்டாம்: 2⁸ = 257 − 1, அதனால் 2³²-க்கு மீதி 1, நம் எண்ணுக்கு மீதி 2. மிச்சம் 641 ஒன்றுதான்.

கே: 641-ஆல் வகுத்தேன். மீதி இல்லை, ஆனால் ஈவு 67417. ஒன்பதால் சரிபார்த்தேன், ஒத்துப்போகிறது. பிறகு எப்படித் தவறு?

ப: 4294-இல் 6 தடவை, மீதி 448. 9-ஐ இறக்கினால் 4489. 7 தடவை, மீதி 2. இங்கேதான் கோட்டை விட்டிருக்கிறீர்கள். 6-ஐ இறக்கினால் 26, போகாது, ஈவில் 0. 7-ஐ இறக்கினால் 267, அதுவும் போகாது, இன்னொரு 0. அதன் பிறகே 2672. ஒவ்வோர் இலக்கம் இறங்கும்போதும் ஈவில் ஓர் இலக்கம் ஏற வேண்டும்.

ஒன்பதால் சரிபார்ப்பது இலக்கங்களின் கூட்டுத்தொகையை வைத்து. பூஜ்ஜியம் விட்டுப்போனால் அதற்குத் தெரியாது. இரண்டு ஈவுக்கும் கூட்டுத்தொகை 25தான். பதினொன்றால் பார்த்தாலும் தவறு தப்பித்திருக்கும்! அது ஒற்றை இட இலக்கங்களின் கூட்டுத்தொகையிலிருந்து இரட்டை இட இலக்கங்களின் கூட்டுத்தொகையைக் கழித்துப் பார்ப்பது. ஒரு பூஜ்ஜியம் போயிருந்தால் அது பிடித்திருக்கும். இரண்டு போனதால் இலக்கங்களின் ஒற்றை, இரட்டை இடம் மாறவில்லை. இங்கே உதவுவது தோராயக் கணக்கு: 600 × 67,000 ஏறக்குறைய 4 கோடி. நமக்கு வேண்டியதோ 429 கோடி.

எட்டு இலக்கக் கால்குலேட்டரில் பெருக்கிப் பார்க்க ஈவைப் பிரியுங்கள். 67 × 641 = 42947, பின்னால் ஐந்து பூஜ்ஜியம். 417 × 641 = 267297. இரண்டையும் தாளில் கூட்டினால் 4294967297.