வயதான பிறகு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால் அதோடு பல வருடம் வாழ முடியுமா?

முடியும், நிறையப் பேர் வாழ்கிறார்கள். இதயத்தின் மேல் அறைகள் இரண்டும் சீராகச் சுருங்காமல் ஒழுங்கின்றிப் படபடப்பதுதான் இது. வயதாக ஆக, அதுவும் பல வருடம் ரத்தக் கொதிப்பு இருந்தவர்களுக்கு, அந்த அறைகளின் சுவர் விரிந்து தழும்பேறிப் போவதால் துடிப்பைத் தூண்டும் மின்சாரம் நேர்வழியில் போகாமல் சிதறிவிடுகிறது.

துடிப்பு தப்புவதைவிடப் பெரிய கவலை வேறு. இடது மேல் அறையை ஒட்டி ஒரு சின்னப் பை இருக்கிறது, ஓடாத தண்ணீரில் பாசி பிடிக்கிற மாதிரி அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இந்த ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு. அதனால்தான் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை வேளை தவறாமல் போடச் சொல்கிறார்கள். பல் பிடுங்கப் போனாலும் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அப்புறம், நாடி பார்க்கும்போது 15 விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம், துடிப்பு ஒழுங்கில்லாததால் கணக்கு தப்பும், முழு நிமிடமும் எண்ணுங்கள்.

படபடப்பு நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையை விடுபவர்கள் உண்டு, ஆனால் எதுவுமே தெரியாத நாட்களிலும் ரத்தம் உறையலாம்.